பொன்னாச்சிக்கு ஒரு விசில்

எங்க பொன்னாச்சி மொதமொதல்ல கோயமுத்தூர் மண்ணுல கால் வெச்சது உக்கடம் லாரிப்பேட்டையிலதானுங்க. கோவில்பட்டிப் பக்கமிருந்து லோடு கொண்டு வர்ற டிரைவர் ஒருத்தர், நமக்குத் தெரிஞ்ச பையன், விடிகாலம் அஞ்சு மணிக்கு ஃபோன் பண்ணி, "அண்ணா, உங்க சாமான் வந்துருச்சு, வந்து எடுத்துக்குங்க"ன்னான். போய்ப் பாத்தா, பிஸ்கட் அட்டைப்பொட்டிக்குள்ள ஒரு கருப்புக் குட்டி. புருவத்துக்கு மேல ரெண்டு செம்பொட்டு, காலெல்லாம் செம்மை. கன்னி நாய்ங்க. பைக் டேங்க் மேல பொட்டிய வெச்சுப் புடிச்சுக்கிட்டு, பேரூர் ரோட்டுல மெதுவா ஓட்டிட்டு ஊடு வந்து சேந்தேன். வழி பூராவும் என் சட்டைப் பொத்தானைக் கடிச்சுக்கிட்டே வந்தா.

பேரு வெச்சது எங்கூட்டுக்காரி. நம்ம கொங்கு நாட்டு அண்ணமார் கதை தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பேரு புரியும். பொன்னரும் சங்கரும் கொம்பன்கிற காட்டுப்பன்னிய வேட்டையாடப் போறப்ப, பெரிய பெரிய நாயெல்லாம் தோத்துப்போன எடத்துல காரியத்தை முடிச்சுக் குடுத்தது பொன்னாச்சிங்கிற ஒரு குட்டிநாய். எங்க அப்புச்சி உடுக்கைப்பாட்டுக் கேக்கறதுக்குன்னே ராத்திரியில நாலு மைல் நடந்து போவாரு. வந்து அந்த நாய்க் கதைய மட்டும் எங்களுக்கு ரெண்டு தடவை சொல்லுவாரு.

எங்க தோட்டம் உக்கடத்துக்கு மேக்கால, மலை பாக்கற தூரத்துல. மூணு ஏக்கராவுல தென்னை பாதி, மீதியில சோளத்தட்டும் கொஞ்சம் காயும். மயிலு, காட்டுப்பன்னி ரெண்டும் வருது. ஒரு நாய் இருந்தா நல்லதுன்னுதான் வாங்குனேன். ஆனா வாங்கறப்ப ஒண்ணை நான் ரோசிக்கவே இல்லை. கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் காவல் நாய் கெடையாதுங்க, ஓட்ட நாய். மோப்பத்தை விடக் கண்ணை நம்பி வேட்டையாடற சாதி. தூரத்துல ஒண்ணு அசைஞ்சா போதும், மூளைக்கு முன்னாடி காலு கெளம்பிரும். முயல் வேட்டைக்குன்னு நூத்துக்கணக்கான வருசமா வளத்துன உடம்பு அது. இன்னைக்கு 1972 வனவிலங்குச் சட்டப்படி முயலும் புடிக்கப்படாது, மயிலையும் தொடப்படாது. வேலையில்லாத வேட்டைக்காரனை ஊட்டுல வெச்சிருக்கற மாதிரிதான் நம்ம நெலமை.

ஒன்றரை வயசு ஆனப்ப அது நடந்துச்சு.

எங்க கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா. புருசன் இல்லை. பதினாலு வெள்ளாடுதான் அவங்க சொத்து, பேங்கு, பென்சன் எல்லாம். ஒருநா மத்தியானம் நான் மடை மாத்திக்கிட்டு இருக்கறப்ப வேலிச் சந்துல ஒரு குட்டி இந்தப் பக்கம் வந்துருக்குது. துள்ளி ஓடியிருக்குது. அது ஓடாம நின்னிருந்தா இவ கூட நின்னுருப்பாளோ என்னமோ. சத்தம் கேட்டு மம்முட்டியப் போட்டுட்டு ஓடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நான் கத்துனேன், கல்லெடுத்தேன், பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். திரும்பியே பாக்கலை.

அக்கா வந்து குட்டிய மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்தாங்க. அழுகவும் இல்லை, வையவும் இல்லை. கொஞ்சநேரம் கழிச்சு, "தம்பி, நாயி பண்ணுனதுக்கு உன்னைச் சொல்லி என்ன பண்றது. ஆனா ஒண்ணு. உங்க நாயி இருக்கோணும், இல்லாட்டி எங்க ஆடு இருக்கோணும். ரெண்டும் ஒரு வேலிக்குள்ள ஆகாது"ன்னாங்க. மூவாயிரம் ரூபா கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் பொழுதோட வேலிப்பக்கம் வந்து பேசறது நின்னுபோச்சு. இருபது வருசப் பழக்கமுங்க. எங்க புள்ளைக்கு அம்மை போட்டப்ப வேப்பந்தழை கொண்டாந்து வாசல்ல சொருகுனவங்க.

நாயைச் சங்கிலியில கட்டுனேன். கட்டுனா தீந்துருச்சுன்னு நெனைச்சேன். மூணு வாரத்துல அவ வேற நாயாயிட்டா. கழுத்துத் தோல் உரிஞ்சு போச்சு. ராத்திரி பூராவும் ஊளை. சோறு வெக்கப் போன எங்கூட்டுக்காரியப் பாத்து ஒருநா உறுமுனா. "ஏனுங்க, இதை ஆருக்காச்சும் குடுத்துப்போடுங்க, எனக்குப் பயமா இருக்குது"ன்னு அவ சொன்னப்ப எனக்கும் வேற வழி தெரியலை. கோவில்பட்டி டிரைவர்கிட்ட, "திரும்ப ஏத்திட்டுப் போறியா"ன்னு கேட்டே போட்டேன்.

அந்த வாரக் கடைசியில மக வந்தா. பெங்களூருல வேலை. உக்கடத்துல எறக்கிக் கூட்டிட்டு வந்தேன். வாசல்ல வண்டிய நிறுத்துனதும் நேரா நாய்கிட்டப் போனா. கழுத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. ஒண்ணும் பேசலை. சாப்பிடறப்பதான், "அப்பா, ஒரு குதிரைய வாங்கிட்டு வந்து கட்டுத்தரையில மாட்டோட கட்டிப் போட்டுட்டு, அது ஒதைக்குதுன்னு சொல்றீங்க"ன்னா.

"அப்பறம் என்ன பண்ணச் சொல்ற கண்ணு? அவுத்துவிட்டா ஆட்டைக் கடிக்குது."

"ஓடவிடுங்க. ஆனா ஓடிட்டுத் திரும்பி வரப் பழக்குங்க."

அன்னைக்கு ராத்திரி ஃபோன்ல ஒரு விளையாட்டைக் காட்டுனா. பேரு ஃப்ளைபால். அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல தொடங்குனதாம். 1984-ல அதுக்குன்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சுட்டாங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடம். ஒவ்வொரு டீமுக்கும் நாலு நாய். நாய் ஒவ்வொண்ணா ஓடி, நாலு தடுப்பைத் தாண்டி, கடைசியில இருக்கற சாய்வான பொட்டிய மிதிக்கோணும். மிதிச்சா அதுல இருந்து ஒரு டென்னிஸ் பந்து துள்ளும். அதைக் கவ்விக்கிட்டு அதே நாலு தடுப்பையும் தாண்டித் திரும்பி வரோணும். அது கோட்டைத் தாண்டுனாத்தான் அடுத்த நாய் போகலாம். நம்ம ரிலே ஓட்டம் மாதிரி. உச்சத்துல இருக்கற டீமுகள்ல நாலு நாயும் போய்த் திரும்ப 15 செகண்டு கூட ஆகறதில்லை. நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவற நேரங்க.

அதுல ஓடுன ஒரு நாயைப் பாத்து நிமிந்து ஒக்காந்துட்டேன். ஒடுங்குன வயிறு, நீட்டு மூஞ்சி, அசல் நம்ம பொன்னாச்சி சாடை. விப்பெட் கலப்புன்னா மக. அங்கத்து ஓட்ட நாய். ஆடு மேய்க்கற பார்டர் கோலிங்கிற சாதியோட இதைச் சேத்துக் கலப்பு எடுத்து இந்த விளையாட்டுக்குன்னே வளத்தறாங்களாம்.

எனக்குப் பந்தும் பொட்டியும் பெருசாப் படலை. ஒண்ணே ஒண்ணுதான் மண்டையில ஏறுச்சு. அந்த நாய் எசமானை விட்டு முழு வேகத்துல தூரமா ஓடுது. ஓடுன வேகத்துலயே மனசை மாத்திக்கிட்டுத் திரும்பி எசமான்கிட்டயே வருது. எங்க நாய்க்கு வராதது அந்த ஒண்ணுதானே?

மக ஒரு வாரம் லீவு போட்டா. மொதல்ல விளையாட்டு இல்லீங்க, கீழ்ப்படிதல். உக்கடத்துல ஒரு கடையில முப்பது ரூபாய்க்கு விசில் வாங்குனேன், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ஊதற மாதிரி. மீன் மார்க்கெட்டுல மத்தி வாங்கி, வேகவெச்சு முள்ளை எடுத்துட்டு, ராகி மாவோட பிசைஞ்சு ஆவியில அவிச்சு, நகத்துண்டு அளவுக்கு நறுக்கி வெச்சுக்கிட்டோம். ஊடெல்லாம் நாத்தம். எங்கூட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கிட்டு, "எனக்கு ஒருநா கூட இப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சதில்லை"ன்னா.

பாடம் ரொம்பச் சின்னது. விசில் ஊது, துண்டு குடு. அவ பக்கத்துலயே நிக்கறப்ப ஊது, குடு. ஒரு நாளைக்கு மூணு தடவை, தடவைக்கு அஞ்சு நிமிசத்துக்கு மேல கூடாது. நாலாம் நாளு விசில் சத்தம் கேட்டாலே தலை திரும்புச்சு. அப்பறம் கெணத்துல தண்ணி எறைக்கற பழைய கயிறு முப்பது அடிய இடுப்புப் பட்டையில கட்டி, தூரத்துல இருந்து கூப்பிட்டோம். கழுத்துல கட்டப்படாது. வேகமா ஓடற நாய் கயிறு முடிஞ்ச எடத்துல வெடுக்குன்னு நின்னா கழுத்தெலும்புக்கு ஆகாது.

இதுல நான் கத்துக்கிட்டது, நாய் கத்துக்கிட்டதை விட எச்சு. இத்தனை நாளா நான் எதுக்கெல்லாம் பொன்னாச்சியக் கூப்பிட்டிருக்கறேன்னு மக கேட்டா. ரோசிச்சுப் பாத்தா, கட்டறதுக்குக் கூப்பிட்டிருக்கறேன். வையறதுக்குக் கூப்பிட்டிருக்கறேன். தண்ணி வாக்கறதுக்கு, ஊசி போடறதுக்கு. வந்தா நாலு போடு போட்டிருக்கறேன், ஏன் லேட்டுன்னு. அப்பறம் எவ வருவா? இப்பெல்லாம் பத்துத் தடவை கூப்பிட்டா ஒம்பது தடவை ஒரு துண்டு குடுத்துட்டு, "போ"ன்னு திரும்ப விட்டுருவேன். வந்தா ஆட்டம் முடிஞ்சுதுன்னு அவளுக்குத் தோணப்படாது.

தடம் போடறதுதான் எனக்குப் புடிச்ச வேலை. அந்த விளையாட்டுக்கு நீளம் 51 அடி. மொத தடுப்புக்கு 6 அடி, அப்பறம் தடுப்புக்குத் தடுப்பு 10 அடி, கடைசித் தடுப்புல இருந்து பொட்டிக்கு 15 அடி. டேப் எடுக்கப் போன மகளை நிறுத்துனேன். நம்ம தோப்புல தென்னைக்குத் தென்னை 25 அடி. மூணு மரம் எடுத்தா 50 அடி. எங்கய்யன் குழி போட்டது, இம்மி பெசகாது. தடுப்புக்குத் தென்னை மட்டைய ஹாலோ பிளாக் மேல படுக்க வெச்சோம். டீமுல இருக்கற சின்ன நாயோட உசரத்துக்குத் தக்கனதான் தடுப்பு வெப்பாங்களாம், அதிகமே ஒண்ணேகால் அடி வராது. வளர்ற குட்டிகளுக்கு எலும்பு முத்தறதுக்கு முன்னாடி தாண்ட விடவே கூடாது, மட்டை தரையில கெடக்கோணும்.

பொட்டிதான் சிரிப்பாப் போச்சு. பழைய இரும்புக்கடையில ஸ்பிரிங் பொறுக்கி, பலகையில அடிச்சு, ஒரு பொட்டி பண்ணுனேன். சோதிச்சுப் பாக்கக் குனிஞ்சு கையால தட்டுனேன் பாருங்க, பந்து நேரா என் தாடையில அடிச்சுது. அந்தச் சத்தத்துக்குப் பொன்னாச்சி சாளைக்குள்ள போய்க் கட்டலுக்கடியில பூந்துக்கிட்டா. ரெண்டு நாளு பொட்டிப் பக்கமே வரலை. ஸ்பிரிங்கைக் கழட்டிப் போட்டேன். சாய்வுப் பலகையில ஒரு ஓட்டை, அதுல பந்து. அவ்வளவுதான் எங்க ஃப்ளைபால் பொட்டி.

ஆரம்பத்துல நேரா போய்ப் பலகையில நெஞ்சு மோதுவா. தோள்பட்டை போயிரும்னு மக பயந்தா. நல்லாப் பழகுன நாய் நாலு காலையும் பலகையில பக்கவாட்டா வெச்சு ஒதைச்சுத் திரும்போணும். இதை எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு மக ஃபோனைத் தேடிக்கிட்டு இருந்தா. எனக்குப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. சின்ன வயசுல கெணத்துல நீச்சலடிக்கறப்ப, எதிர்ச் செவுத்துக்குப் போனதும் முட்டாம, ஒடம்பைச் சுருட்டிக் காலால ஒரு ஒதை விட்டுத் திரும்புவோமல்லோ, அதேதான். பலகைக்கு முன்னால ஒரு மட்டையக் குறுக்க வெச்சேன். தாண்டித்தான் பலகை மேல ஏறோணும், ஏறுன காலு நேரா வர முடியாது. பத்து நாளுல திரும்பல் வந்துருச்சு.

வராதது பந்துதான். பந்தைக் கவ்வுவா, அழகாத் திரும்புவா, ரெண்டு தடுப்புத் தாண்டுவா, அப்பறம் தடத்தை விட்டுத் தோப்புக்குள்ள பூந்து வாய்க்கா மேட்டுல பொதைச்சு வெச்சுருவா. கொண்டாந்து குடுக்கற பழக்கம் ஓட்ட நாய்க்கு ரத்தத்துல கொஞ்சம் கம்மி. நான் தொரத்துனா இன்னும் குஷி. பதினோரு பந்து அப்படிப் போயிருக்குது. போன மாசம் வாய்க்கா வழிக்கறப்ப நாலு கெடைச்சுது. கடைசியில மக ஒரு வழி சொன்னா. அவ பந்தைக் கவ்வுனதும் நான் அவளுக்கு முதுகைக் காட்டி எதுத்த பக்கம் ஓடோணும், கையில இன்னொரு பந்தை ஆட்டிக்கிட்டு. நாய் நம்மளைத் தொரத்தோணும், நாம நாயைத் தொரத்தப்படாது. அம்பத்தாறு வயசுல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தென்னந்தோப்புல பந்தோட ஓடறேன். பால்காரர் வண்டிய நிறுத்திட்டுப் பாத்துட்டுப் போனாரு. ஊருல என்ன பேசிக்கிட்டாங்கன்னு நான் கேக்கலை.

ஆனா ராத்திரி ஊளை நின்னுபோச்சு. காலையில பத்து ஓட்டம், பொழுதோட பத்து ஓட்டம், அவ்வளவுதான். வெயில் நேரத்துல வேண்டவே வேண்டாம். கழுத்துல முடி மொளைச்சுருச்சு. உறுமல் இல்லை. டிரைவர் ஃபோன் பண்ணி, "அண்ணா, இந்த டிரிப்புல ஏத்தட்டுமா"ன்னான். வேண்டாம் சாமின்னுட்டேன்.

எல்லாம் சரியாயிருச்சுன்னு சொன்னாப் பொய்யிங்க. மூணாம் மாசம் ஒருநா அவ முன்னாடி ஒரு முயல் எந்திரிச்சு ஓடுச்சு. விசிலை ஊதுனேன், ஊதுனேன், நெஞ்சு அடைக்க ஊதுனேன். போயிட்டா. ஒன்றரை மணி நேரம் கழிச்சு, காதுல முள்ளுக் கிழிச்ச ரத்தத்தோட நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தா. அன்னைக்கு நான் அவளை அடிக்கலை. துண்டு குடுத்தேன். கை நடுங்குச்சு, கோவத்துலயா பயத்துலயான்னு தெரியலை. மறுபடியும் முப்பதடிக் கயிறு, மறுபடியும் மொத பாடம்.

அஞ்சாம் மாசம். ஐப்பசி மழைக்கு முந்தின நாளு, வானம் கருக்கிக்கிட்டு வருது. காஞ்ச தேங்காயக் கூட்டி அள்ளிக்கிட்டு இருக்கறேன். பொன்னாச்சி அவுத்தபடி என் பக்கத்துல. இடி ஒண்ணு விழுந்துச்சு. அக்காவோட பட்டியில ஆடெல்லாம் மெரண்டு, வேலிய முட்டிக்கிட்டு எங்க தோப்புக்குள்ள வந்துருச்சு. முன்னால ரெண்டு குட்டி, துள்ளிக்கிட்டு. பின்னாலயே அக்கா, "தம்பீ! நாயி! நாயி!"ன்னு.

அவ போயிட்டா. வில்லுல இருந்து விட்ட மாதிரி. நான் ஓடலை. ஓடிப் பிரயோசனமில்லைன்னு தெரியும். விசிலை எடுத்து ஒரே ஊது. ஊதிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி, எதுத்த பக்கமா ஓடுனேன். திரும்பிப் பாக்கலை, பாக்கத் தெம்பில்லை. என் காலடிச் சத்தம் மட்டும் கேக்குது. பத்துத் தப்படி வெச்சுருப்பேன். அப்பறம் பின்னால இன்னொரு காலடி, படபடன்னு. என்னைத் தாண்டிப் போயி முன்னால நின்னு, வாயைத் தொறந்துக்கிட்டு, எங்க என் துண்டுன்னு பாத்தா.

மடியில துண்டு இல்லீங்க அன்னைக்கு. தரையில ஒக்காந்து அவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அவளுக்கு அது புடிக்கலை, மடியை மோந்து மோந்து பாத்தா. எந்த எடத்துல அவ திரும்புனாங்கறதை அக்காதான் பாத்திருக்கறாங்க. குட்டிக்கும் அவளுக்கும் நடுவுல ரெண்டு பாகம் கூட இல்லையாம். "அப்படியே செவுத்துல மோதித் திரும்புன மாதிரி திரும்புச்சு தம்பி"ன்னாங்க.

வேலியில இப்பக் கம்பிவலை கட்டியிருக்கறோம், ஆளுக்குப் பாதி காசு. ஆடு மேயறப்ப நான் கூட இல்லாம அவளை அவுத்துவிடறதில்லை. ஒரு தடவை திரும்பிட்டாங்கறதுக்காக எல்லாத் தடவையும் திரும்புவான்னு நான் நம்பலை. ஃப்ளைபால் டீமெல்லாம் நமக்கு ஆகாது, மீதி மூணு நாய்க்கு எங்க போறது. பந்தையும் இன்னும் பாதி நாளு பொதைச்சுத்தான் வெக்கறா.

அந்த மழை முடிஞ்ச வாரம் உக்கடம் போறதுக்கு வண்டிய எடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கூப்பிட்டாங்க. "தம்பி, எனக்கும் அந்த மாதிரி ஒரு விசில் வாங்கிட்டு வா. நீ ஊட்டுல இல்லாதப்ப எனக்கு வேணுமல்லோ." வாங்கிக் குடுத்தேன். கருப்புக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டிருக்கறாங்க. நேத்துப் பொழுதோட தோப்புல நான் பந்தை வெச்சுத் தடத்துல நிக்கறேன், அந்தப் பக்கமிருந்து விசில் சத்தம். பொன்னாச்சி என்னைப் பாத்தா, வேலியப் பாத்தா, ஓடியே போயிட்டா. கம்பிவலைச் சந்துல கையை உட்டு அக்கா என்னமோ ஊட்டறாங்க. "ஏனுங்க்கா, அவளுக்கு என்ன குடுக்கறீங்க"ன்னு கேட்டேன்.

"கடலைப் புண்ணாக்குத் தம்பி. ஆட்டுக்கு வெச்சதுல மிச்சம்."

மத்தியும் ராகியும் அவிச்சுக்கிட்டு இருக்கறவன் நானு.